விளக்கு விற்கிறேன், வேலையை வெளியே கொடுக்கிறேன்: நாலு வருஷ அனுபவம்

மலேசியாவில், பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் ஒரு பிளாட்டில் இருந்துகொண்டு ஆன்லைனில் பூஜைப் பொருள் விற்கிறேன். குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, தூபக்கால், சொம்பு, தாம்பாளம், எல்லாம் பித்தளை. ஷோப்பி என்ற ஆன்லைன் சந்தையிலும் வாட்ஸ்அப்பிலும்தான் வியாபாரம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எம்சிஓ (நடமாட்டக் கட்டுப்பாடு) போட்டு லிட்டில் இந்தியாவே இழுத்து மூடிக் கிடந்தபோது, உறவுக்காரர் ஒருவரிடம் விற்காமல் தேங்கிப்போன நாற்பது விளக்கைத் தள்ளிவிட உதவியாக ஆரம்பித்தது. அதற்கு முன் பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி ஒன்றில் பதினோரு வருஷம் கியூசி, அதாவது தரம் பார்க்கும் வேலை.

2021 ஆகஸ்டிலிருந்து வேலைகளை ஒவ்வொன்றாக வெளியாட்களிடம் கொடுத்து வருகிறேன். "அவுட்சோர்ஸ் பண்ணிட்டு நிம்மதியா இரு" என்று சொல்லாத ஆள் இல்லை. எதை முதலில் கொடுப்பது, எதைக் கடைசிவரை கொடுக்கவே கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் வரிசையைத் தலைகீழாக வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆள் தேடுவதற்கு முன்னால் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், ஒரு வாரம் நோட்டு போட்டு மணிக்கணக்கு எழுதியதுதான். மொத்தம் 41 மணி நேரம். பார்சல் கட்ட 15, கேள்விகளுக்குப் பதில் சொல்ல 9, படமும் விவரமும் ஏற்ற 6, கணக்குக்கு 4, மிச்சம் 7 மணி நேரம் கூரியர் கடை வரிசையிலும் சரக்கு எடுக்கப் போய் வருவதிலும். பார்த்தாலே தெரிகிறது, பேக்கிங்கைத்தான் முதலில் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு எரிச்சல் கொடுத்தது ராத்திரி பதினொரு மணிக்கு வரும் மெசேஜ்கள், அதனால் சாட் வேலையை முதலில் கொடுத்தேன். எரிச்சலை வைத்து முடிவெடுத்தால் இப்படித்தான்.

ஆன்லைனில் வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் அப்வொர்க் தளத்தில் பிலிப்பைன்ஸ் பெண் ஒருவர் கிடைத்தார், மணிக்கு 4 டாலர், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். பிலிப்பைன்ஸ் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றுதான், அதில் ஒரு சௌகரியம். இந்தியாவில் ஆள் பிடித்தால் இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பார்கள். வேலை நடக்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவர் திரையைப் படம் பிடித்து வைக்கும் வசதி அப்வொர்க்கில் உண்டு. முதல் வாரம் எல்லாப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தேன், அப்புறம் வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். நேரத்தைக் கண்காணிப்பதில் எனக்கு ஒரு லாபமும் வரவில்லை. அவர் நேர்மையானவர், பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது.

ஒரு வாடிக்கையாளர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, "இந்த விளக்கு எத்தனை முகம்?" என்று கேட்டிருக்கிறார். உதவியாளர் பாவம் அதை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் பார்த்து, "இந்த விளக்கில் முகம் எதுவும் செதுக்கப்படவில்லை" என்று பணிவாகப் பதில் அனுப்பியிருக்கிறார். திரி போடும் ஐந்து முகத்தைத்தான் கேட்டார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அந்த அம்மா மட்டும் திரும்பி வரவேயில்லை. ஏழு மாதத்தில் சாட்டை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அதோடு நின்றேனா? 2023இல் இன்னொரு தரம். இந்த முறை நாற்பது தயார் பதில்கள் எழுதி, வேறொருவரிடம் கொடுத்தேன். அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. 11.11 என்று ஷோப்பி நவம்பர் 11இல் நடத்தும் தள்ளுபடி விற்பனை அதற்கு முந்தின நாள். விலை குறையும் என்று கார்ட்டில் போட்டு வைத்துக்கொண்டு, "11ஆம் தேதி ஆர்டர் போட்டால் தீபாவளிக்கு வந்துவிடுமா?" என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். தயார் பதிலில் "2, 3 நாளில் வந்து சேரும்" என்று இருந்தது, முன்னால் ஒரு "ஆமாம்" சேர்த்து அத்தனை பேருக்கும் போய்விட்டது. தீபாவளி என்றைக்கு என்று அந்தத் தாளில் நான் எழுதவே இல்லை. யாரைத் திட்டுவது? ஏழு ஆர்டர் ரத்து, இரண்டு ஒற்றை நட்சத்திரம். கார்த்திகை தீபம் 26ஆம் தேதி வந்ததால் மிச்சச் சரக்கு தப்பித்தது.

அதிலிருந்து சாட் என் கையில்தான். "எப்போது அனுப்பினீர்கள், பார்சல் எங்கே" மாதிரி கேள்விகளுக்குத் தானியங்கிப் பதில் போதும், அதற்கு மனுஷர் தேவையில்லை. மற்றபடி விளக்கு வாங்குகிறவர் கேட்கும் கேள்வியில்தான் வியாபாரமே இருக்கிறது. புதுமனைக்கு வாங்குகிறேன் என்பார், கல்யாணச் சீருக்கு என்பார், அம்மா வைத்திருந்த மாதிரியே வேண்டும் என்று மங்கிப்போன பழைய போட்டோ ஒன்றை அனுப்புவார். அதற்குப் பதில் சொல்கிற ஐந்து நிமிஷத்தில் ஒரு அடி விளக்கு கேட்டவர் இரண்டு அடி வாங்கிக்கொண்டு போவார். இதைத் தூக்கி நான் முதல் வேலையாக வெளியே கொடுத்திருக்கிறேன், பாருங்கள்.

படங்களைத் திருத்துவதை ஃபைவரில் கொடுத்தேன், அதுவும் அப்வொர்க் மாதிரி ஒரு தளம். இது பரவாயில்லை, இன்றைக்கும் கொடுக்கிறேன். ஆனால் தெரியாமல் போகக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. வேலையை அவர்கள் முடித்து அனுப்பியபின் மூன்று நாளில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆர்டர் தானாக முடிந்ததாகிவிடும். நான் ஒரு திருவிழா வாரத்தில் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தபோது எடிட்டர் பித்தளையைத் தேய்த்துத் தேய்த்து மஞ்சள் பிளாஸ்டிக் மாதிரி ஆக்கியிருந்தார், தட்டின் ஓரத்தில் இருந்த கொத்து வேலையைக் கீறல் என்று நினைத்து அழித்தும் இருந்தார். "படத்தில் தங்கம் மாதிரி இருந்தது, வந்தது வேறு" என்று விமர்சனம் வந்த பிறகுதான் சுரணை வந்தது. இப்போது முப்பது படம் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு படம் கொடுக்கிறேன். ஃபேக்டரியில் ஷிஃப்ட் தொடங்கும்போது முதல் பீஸை கியூசி பார்த்துக் கையெழுத்துப் போடாமல் லைன் ஓடாது. பதினோரு வருஷம் அந்தக் கையெழுத்தைப் போட்டவள் நான், சொந்த வியாபாரத்தில் அதை மறந்தேன். இன்னொன்று, பத்து டாலர் வேலைக்கு இருபது சதவீதம் ஃபைவர் எடுத்துக்கொண்டு எட்டு டாலர்தான் அந்த ஆளுக்குப் போகும். அதை மனதில் வைத்துப் பேரம் பேசுங்கள், எட்டு டாலருக்கு எவ்வளவு கவனம் கிடைக்குமோ அவ்வளவுதான் கிடைக்கும்.

மலாய் விவரங்களை ஒரு இந்தோனேசியரிடம் எழுதி வாங்கியது தனிக் கூத்து. நடை அழகாக இருந்தது, பித்தளைக்கு "குனிங்கான்" என்று போட்டிருந்தார். அங்கே அது சரி. இங்கே "லோயாங்" அல்லது "தெம்பாகா" என்று தேடுவார்கள், குனிங்கான் என்று ஒருவரும் தேடமாட்டார்கள். இரண்டு மாதம் அந்தப் பக்கங்களுக்கு ஆளே வரவில்லை. இப்போது பிறை என்ற ஊரில் இருக்கும் சித்தி மகள் எழுதிக் கொடுக்கிறாள்.

டிக்டாக் லைவுக்கு ஒரு தம்பியை வைத்துப் பார்த்தேன். மூன்று லைவ். பேச்சு நன்றாக இருந்தது, கணக்கு நன்றாக இல்லை. விட்டாச்சு.

சரி, பேக்கிங்குக்கு வருகிறேன், இதுதான் பெரிய கதை. குத்துவிளக்கு ஒரே பொருள் இல்லை. பீடம், தண்டு இரண்டு துண்டு, தட்டு, மேலே அன்னம், எல்லாம் திருகி மாட்டுவது. ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றாவிட்டால் ஒன்றோடொன்று இடித்து நசுங்கும். 2022இல் சரக்கை அடுக்கி வைத்து, ஆர்டர் வந்ததும் கட்டி அனுப்பித் தரும் கிடங்கு ஒன்றில் கொடுத்தேன், கிள்ளான் பள்ளத்தாக்குப் பக்கம், பெயர் வேண்டாம். சட்டை, போன் உறை விற்கிறவர்களுக்கு அவர்கள் பிரமாதமாகச் செய்வார்கள், பார்கோடைத் தட்டினால் வேலை முடிந்தது. என் விளக்குக்கு ஐந்து துண்டும் ஒரே பார்கோடு. அன்னம் இல்லாமல் ஒன்பது விளக்கு போய்ச் சேர்ந்தது. அன்னம் இல்லாத குத்துவிளக்கை வீட்டில் ஏற்றுவார்களா? ஒருவர் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அழுதுகொண்டே போன் செய்தார். சுங்கை பட்டாணிக்கு என் கணவர் அன்னத்தை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மோட்டாரில் போனார்.

அப்புறம்தான் ஆயர் ஈத்தாமில் ஓர் அக்கா கிடைத்தார், கோயிலில் அறிமுகம். சின்ன பார்சலுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்), குத்துவிளக்குக்கு 5 வெள்ளி என்று பேசினோம். நான் ஃபேக்டரி பழக்கத்தில் படம் போட்டு, எண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து ஒரு செய்முறைத் தாள் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜ் மேலே வைத்தார். ஒரு மாதம் கழித்துப் போனேன், தாள் அதே இடத்தில் இருக்கிறது, ஆனால் ஒரு துண்டுகூட விட்டுப்போனதாகப் புகார் இல்லை. எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ஆர்டருக்கு ஒரு தாம்பாளம். அத்தனை துண்டையும் முதலில் தாம்பாளத்தில் பரப்பிவிடுகிறார், அன்னம் நடுவில். அப்புறம்தான் பபிள் ரேப்பைக் கையில் எடுக்கிறார். தாம்பாளம் காலியாகாமல் பெட்டிக்கு டேப் ஒட்டுவதில்லை.

"என்னா தங்கச்சி அப்படிப் பார்க்கிற? வரிசைத் தட்டு வைக்கும்போது நீ எப்படி எண்ணுவ, அப்படித்தான்" என்றார்.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது எந்த வேலை கொடுத்தாலும், எப்படிச் செய்யவேண்டும் என்பதைவிட, முடிந்தது என்றால் எப்படி இருக்கவேண்டும் என்பதைத்தான் தெளிவாகச் சொல்கிறேன்.

இதில் சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. பெட்டி, டேப், எடை மெஷின் எல்லாம் நான் கொடுக்கிறேன், என் வேலையை மட்டும்தான் அந்த அக்கா செய்கிறார். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இப்படிப்பட்ட அடையாளங்கள் இருந்தால் அவரைத் தொழிலாளியாகவே கருதலாம் என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். கணக்குப் பார்ப்பவர் சொன்னதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பேசாமல் பகுதி நேர ஊழியராகப் பதிந்துவிட்டேன். ஊழியர் சேமநிதிக்கு என் பங்கு 13 சதவீதம், அவருடையது 11, கூட சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி. செலவு கூடியது உண்மைதான், ஆனால் அவர் கை வெட்டிக்கொண்டால் யார் பார்ப்பது என்ற பயம் போனது.

கணக்கு வேலையைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது, இதை முதல் நாளே கொடுங்கள் என்பேன். ஒரே எச்சரிக்கை. முதலில் வந்தவர் பேங்கில் விழுந்த பணத்தையே விற்பனை என்று எழுதினார். விற்ற விலையில் ஷோப்பி கமிஷன், கட்டணம் எல்லாம் பிடித்துக்கொண்டு மிச்சம்தான் பேங்குக்கு வரும். முழு விற்பனையை ஒரு பக்கமும் பிடித்ததைச் செலவாக இன்னொரு பக்கமும் எழுத வேண்டும். ஜூன் மாதம் போரம் பி என்ற வருமான வரிப் படிவம் அனுப்புகிற நேரத்தில் அதைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாள்களை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் மாதவாரியாக டவுன்லோட் செய்து வாங்கிக்கொள்கிறேன். இப்போதுள்ளவர் மாதம் 180 வெள்ளி வாங்குகிறார், ஒரு சென்கூட வீண் இல்லை.

இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் ஷோப்பி பாஸ்வேர்டை அப்படியே கொடுத்துவிட்டு, ஓடிபி வரும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். துணைக் கணக்கு திறந்து, சாட் மட்டும், ஆர்டர் மட்டும் என்று பிரித்துக் கொடுக்கும் வசதி இருப்பது தெரியாது. பணம் எடுக்கும் பக்கத்தை யாருக்கும் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. வாடிக்கையாளர் முகவரி, போன் நம்பர் எல்லாம் நம்மை நம்பிக் கொடுத்தது, 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. எக்செல்லில் ஏற்றி யாருக்கோ அனுப்புவதை நிறுத்துங்கள்.

இன்றைய நிலவரம்: போன மாதம் மறுபடி நோட்டு போட்டு எழுதினேன், வாரத்துக்கு 19 மணி நேரம். அதில் நான்கு மணி நேரம் மற்றவர்கள் செய்ததைச் சரிபார்க்க. அந்த நான்கு குறையும் என்று ரொம்ப நாள் எதிர்பார்த்தேன், குறையவில்லை, கணக்கில் சேர்த்துக்கொண்டேன். வெளியே கொடுக்கும் செலவு மொத்தமாக மாதம் ஆயிரத்து இருநூறு வெள்ளியிலிருந்து தீபாவளி மாதத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு வரை போகும்.

இன்னும் யாரிடமும் கொடுக்க முடியாமல் கிடப்பது திரும்பி வரும் பார்சல்கள். நசுங்கினதா, பாலிஷ் போட்டால் விற்கலாமா, பழைய சரக்கோடு போட வேண்டியதா என்று கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அக்காவிடம் கேட்டேன், "பாக்குறேன், ஆனா நீ சொல்ற விலைக்கு இல்ல" என்றார். எட்டு வெள்ளி கேட்கிறார், நான் ஆறில் நிற்கிறேன். ஹாலில் மூன்று பெட்டி அப்படியே இருக்கிறது.