கிளாடியஸ் வாள் வாங்குகிறீர்களா? கைப்பிடிக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

ரோமானியப் படைவீரர்களின் கிளாடியஸ் வாளை மாதிரியாகச் செய்து இணையத்தில் விற்கிறார்கள். அப்படி ஒன்றை 240 யூரோ கொடுத்து வாங்கி ஏமாந்தேன். பணம் போனதுகூடப் பெரிதில்லை, ஒரு சிறுவனுக்கு ஆபத்தாகியிருக்கும்.

ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில் ரோமானியப் படைப்பயிற்சியைச் செய்துகாட்டும் ஒரு குழுவில் இருக்கிறேன். பக்கத்தில் உள்ள மைன்ஸ் நகரில் 1848இல் கிடைத்த 'டைபீரியஸின் வாள்' இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை நேரில் பார்த்ததிலிருந்து அந்த வகை வாள்மேல் எனக்கு ஆசை. 'மைன்ஸ் வகை, கையால் அடித்த கார்பன் எஃகு, பயிற்சிக்கு ஏற்றது' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன்.

பெட்டியைத் திறந்ததுமே சந்தேகம் வந்தது. மைன்ஸ் வகைக்கு அழகே அதன் இடுப்புதான். அலகு நடுவில் சற்று ஒடுங்கி, மறுபடி அகன்று, நீண்ட கூர்முனையில் முடியும். வந்த வாளுக்கோ இரண்டு விளிம்பும் நேர்கோடு, முனை குட்டை. அது கிளாடியஸின் இன்னொரு வகையான பாம்பேய் வகையின் வடிவம். சரி, அதையாவது ஒழுங்காகச் செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. பாம்பேய் வகையின் அலகு 50 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், இது 68. எடை 1.8 கிலோ. அசல் கிளாடியஸ் ஒரு கிலோவை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் இருந்திருக்கும் என்பது பொதுவான கணிப்பு. கேடயத்தின் மறைவிலிருந்து சட்டென்று குத்தி இழுக்க வேண்டிய ஆயுதம் அது.

நட்டுவைத்த மரக்கட்டையை மரவாளால் தாக்கிப் பழகுவது ரோமானியர் வழக்கம், படைக்கலை பற்றி எழுதிய ரோமானிய எழுத்தாளர் வெகேஷியஸ் எழுதிவைத்திருக்கிறார். நாங்களும் அப்படித்தான் பழகுகிறோம். அன்று அது முடிந்தபின், விளம்பரத்தை நம்பி இந்த வாளை எடுத்தேன். நாலாவது வெட்டில் கைப்பிடி மட்டும் என் கையில் நின்றது. அலகு பறந்துபோய், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நண்பரின் மகன் காலுக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் கைப்பிடியைப் பிளந்தேன். அலகின் அடியில் பென்சில் கனம்கூட இல்லாத ஒரு கம்பியை வெல்டிங் வைத்திருந்தார்கள், அதுதான் விட்டுப்போயிருக்கிறது. வினிகரில் நனைத்த துணியை இரவு முழுக்கச் சுற்றிவைத்தும் அலகு கறுக்கவில்லை. கார்பன் எஃகாக இருந்தால் கறுத்திருக்கும். இது வெறும் எவர்சில்வர். ரோமானியக் கொல்லர்கள் அலகையும் கைப்பிடிக்குள் இறங்கும் காம்பையும் ஒன்றாகவே அடித்தார்கள். காம்பு கைப்பிடி முழுக்க ஓடி, அதன் கடைசியில் உள்ள குமிழைத் தாண்டி வெளியே வரும், கழன்றுவராதபடி அந்த நுனியைத் தட்டி மழுக்கிவிடுவார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், குத்தவும் இருபுறமும் வெட்டவும் ஏற்ற உறுதியான அலகு என்று இந்த வாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

விற்றவரிடம் கேட்டால், 'அது அலங்காரப் பொருள். உங்களுக்காகவே செய்ததால் திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார். ஆர்டரின் பேரில் தனியாகச் செய்த பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 நாள் திருப்பியளிக்கும் உரிமை கிடையாதுதான். ஆனால் குறைபாடுள்ள பொருளுக்கான இரண்டு வருடப் பொறுப்பிலிருந்து அவர் தப்ப முடியாது. அப்புறம், நான் எதையும் தனியாகச் செய்யச் சொல்லவே இல்லை. விளம்பரத்தின் படத்தையும் உடைந்த காம்பின் படத்தையும் சேர்த்து நுகர்வோர் ஆலோசனை மையத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் அலகின் நீளம், எடை, கைப்பிடி மாட்டாத காம்பின் படம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே இப்படி ஒன்று வாங்கியிருந்தால், கைப்பிடியைக் கழற்றிப் பார்க்கும்வரை தயவுசெய்து வாளைச் சுழற்றாதீர்கள், குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.