டாப்கேட்: ஓரியனின் இடைவாரில் இரண்டு கூட்டத்தைப் பிரிக்கப் போனேன்

எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்காக, விண்மீன் பட்டியல்களை அலசிப் படம் போடும் டாப்கேட் மென்பொருளை இறக்கினேன். இலவசம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மார்க் டெய்லர் எழுதியது. ஜாவா இருந்தால் போதும், என் 4 ஜிபி மடிக்கணினியிலேயே ஓடுகிறது.

எனக்கு வேண்டியது சிக்மா ஓரியானிஸ் விண்மீனும் அதைச் சுற்றியுள்ள கூட்டமும். ஓரியன் இடைவாரின் கிழக்கு ஓரத்து விண்மீனான அல்நிடாக் பக்கத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும். அதைச் சுற்றிப் பிறந்து சில பத்து லட்சம் ஆண்டே ஆன விண்மீன்கள். வம்பு என்னவென்றால், அதே திசையில் இன்னொரு மூத்த கூட்டமும் நிற்கிறது. நம்மை விட்டு விலகும் வேகத்தை வைத்து 2006-ல் பிரித்துக் காட்டினார்கள்: சிக்மா ஓரியானிஸ் கூட்டத்துக்கு வினாடிக்குச் சுமார் 31 கி.மீ., மூத்ததற்கு 24.

விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளக்கும் கையா விண்கலத்தின் 2022 தரவை டாப்கேட்டுக்குள்ளிருந்தே வினவலாம். பேராசையில் 5 பாகை ஆரம் கேட்டு மடிக்கணினியை உறைய வைத்தேன். அப்புறம் 1 பாகைக்கு இறங்கினேன். விண்மீன்களின் நிறத்துக்கு எதிரே வெளிச்சத்தைக் குறிக்கும் நிறம்-ஒளி வரைபடத்தில், இளசுகள் இன்னும் சுருங்கி முடிக்காததால் முதன்மை வரிசைக்கு (வளர்ந்த விண்மீன்கள் நிற்கும் பட்டைக்கு) மேலே மிதக்கும். மவுஸால் அவற்றைச் சுற்றி ஒரு கோடு போட்டேன். பக்கத்து ஜன்னலில் இருந்த வான்படத்தில் அதே விண்மீன்கள் நிறம் மாறின. இதற்குக் காசு கேட்டாலும் கொடுப்பேன்.

ஆனால் மூத்தது கொஞ்சம் அருகில் நின்றால் அதுவும் வரைபடத்தில் மேலேறி இளசு வேஷம் போடும். 400 பார்செக்கில் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) இருப்பது 350-க்கு வந்தால் 0.3 மாக்னிடியூட் கூடுதல் வெளிச்சம் (மாக்னிடியூட் என்பது வெளிச்ச அளவு; எண் பெருகினால் விண்மீன் மங்கல்). சரி, பாரலாக்ஸை (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் கோணத்தை) வைத்துப் பிரிக்கலாம் என்று ஒன்றை அதனால் வகுத்துத் தூரம் போட்டுக்கொண்டு சாரிடம் போனேன். "பிழையளவு எங்கேம்மா?" என்றார். 350-க்கும் 400-க்கும் பாரலாக்ஸ் வித்தியாசம் 0.36 மில்லி ஆர்க்செகண்ட்தான் (ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு, மில்லி அதில் ஆயிரத்தில் ஒன்று). 17-ஆம் மாக்னிடியூட் விண்மீனில் பிழை 0.07, தாங்கும். 20-இல் 0.5, போச்சு. வானில் குறுக்கே நகர்வதையும் பார்த்தேன். ஓரியன் பெரும்பாலும் நம்மை விட்டு நேராக விலகுவதால் இரண்டு கூட்டமும் குறுக்கே அசைவது மிகக் குறைவு.

ஆக, விண்மீன் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் நிறமாலை இல்லாமல் கதை நடக்காது. இளமைக்குச் சாட்சி 6708 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் வரும் லித்தியம் கோடு, எந்தக் கூட்டம் என்பதற்கு வேகம். பழைய நிறமாலைப் பட்டியலை விசியர் என்ற இணைய வானியல் பட்டியல் களஞ்சியத்திலிருந்து இழுத்து, 1 ஆர்க்செகண்டுக்குள் பொருத்தச் சொன்னால் டாப்கேட் நொடியில் முடித்துவிடுகிறது. எது சரி, எது தவறு என்று மட்டும் சொல்லாது.

டாப்கேட்டுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. இப்போது என் படத்தில் வேகம் 31 சிவப்பு, 24 நீலம், வேகம் தெரியாதவை சாம்பல். சாம்பல்தான் அதிகம்.