சீப்புச்சீடையில் முட்டும் புள்ளி

நான் வைத்திருக்கும் தூரிகை எழுத்துரு இப்போது பாதி விலைக்கு வந்திருக்கிறதாம். மதுரையில் லேபிள் வேலை செய்யும் நண்பன், "நீதான் ரொம்ப நாளா வச்சிருக்கியே, வாங்கலாமா?" என்று கேட்டான். பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன்.

காரைக்குடியில் எனக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் பலகாரக் கடை லேபிள்தான். அதற்கு இந்த எழுத்துரு அமர்க்களமாகப் பொருந்துகிறது. தடித்த கோடு, எழுத்துகள் ஒரே மட்டத்தில் நிற்காமல் கொஞ்சம் ஏறி இறங்கி ஆடும். ட்ட, ப்பு, ள்ளை என்று ஒரே உரு அடுத்தடுத்து வரும் இடங்களில்தான் கையெழுத்து வேஷம் போடும் எழுத்துருக்கள் மாட்டிக்கொள்ளும். இதில் ஒவ்வொன்றுக்கும் மாற்று உரு உண்டு. அடிக்கும்போதே தானாக மாறிவிடும். 'வெள்ளைப் பணியாரம்' என்று ஒரு பலகை செய்தேன். ள் வாலை நீட்டிக்கொள்ள, பக்கத்து ளை ஒடுங்கி உட்கார்ந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை வைத்த ளை-யும் உள்ளே இருக்கிறது. பழைய வீட்டை விடுதியாக மாற்றியவர்களிடம் அதைக் காட்டினால் மறுபேச்சே கிடையாது.

ஆனால், சீப்புச்சீடை. செட்டிநாட்டில் இருந்துகொண்டு இந்தச் சொல்லைத் தவிர்க்க முடியுமா? சீ-யின் மேல்சுழி வலப்பக்கம் வளைந்துபோய், அடுத்த ப்-இன் புள்ளியில் முட்டுகிறது. புள்ளியும் கொழுத்த புள்ளி. திரையில் அவ்வளவாகத் தெரியாது. சின்னப் பாக்கெட் ஸ்டிக்கரில் அச்சடித்தால் இரண்டும் ஒட்டி ஒரே கறை. கடை ஆச்சி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, சீடை மேல ஈ உக்காந்த மாதிரி இருக்கு?" என்றார்.

ஒவ்வொரு லேபிளிலும் கையால்தான் இடைவெளியைத் தள்ளிவைக்கிறேன். தயாரித்தவர்களுக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் பார்க்கிறோம் என்றார்கள். அடுத்த பதிப்பும் வந்தது. ஆங்கில எழுத்துகளுக்குப் பூவும் கொடியும் சேர்த்திருந்தார்கள். புள்ளி அங்கேயேதான் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு தமிழ் எழுத்துரு விற்பவர்கள் நாலு தமிழ்ச் சொல்லை அடித்துப் பார்க்க மாட்டார்களா?

அப்புறம், ஃப்ளெக்ஸ் கடையில் வடிவமைக்க வைத்திருக்கும் பழைய கோரல்டிரா மென்பொருளில் மாற்று உரு வேலை செய்யாது. கர்வ் பண்ணித்தான், அதாவது எழுத்தையெல்லாம் வெறும் வரைகோடாக மாற்றித்தான், ஃபைல் அனுப்ப வேண்டும். சேர்மானப் பட்டியலுக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண்ணுக்கும் இதைத் தொடாதீர்கள். 1 எது, 7 எது என்று தெரியாது. கல்யாணப் பத்திரிகைக்கும் ஆகாது, பெரியவர்கள் பெயரெல்லாம் குதித்துக்கொண்டு நிற்கும். பிறந்தநாள், கடைத் திறப்புக்கு ஜோர்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் பாலூ தம்பி என்ற எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. தூரிகை எழுத்து இல்லைதான். ஆனாலும் கொழுகொழுவென்று விளையாட்டாக இருக்கும், அதை வைத்து ஒப்பேற்றிக்கொள்ளலாம்.

என் தீபாவளி லேபிள்கள் மட்டும் இந்தத் தூரிகை எழுத்தில்தான் ஓடுகின்றன. வேறு எழுத்துருக்களையும் ஆச்சியிடம் காட்டிப் பார்த்தேன். "அந்த ஆடுற எழுத்தையே போடுப்பா, ஈயை மட்டும் ஓட்டிடு" என்றுவிட்டார்.