முதலில் ஃபெல்டர், மெக்கேப் அடுத்த வருஷம்

அக்கா மகள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. ஜூலையில் ஒரு புத்தகப் பட்டியலோடு மன்னார்குடிக்கு வந்து, "மாமா, இதுல எதை வாங்கினா போதும்?" என்று நின்றாள். சர்க்கரை ஆலையில் ஷிஃப்ட் கெமிஸ்டாக 19 வருஷம் சாறு காய்ச்சியவன் நான். என்னைக் கேட்டதில் நியாயம் உண்டு. பட்டியலில் நாலு புத்தகம், எழுதியவர்கள் பெயரிலேயே: ஃபெல்டர்–ரூசோ, ஹிம்மெல்ப்ளாவ், பட்–வோரா, மெக்கேப்–ஸ்மித்–ஹாரியட். நாலையும் புதிதாக வாங்குவதென்றால் அத்தானுக்கு நெல் போட்ட பணம் வந்தாக வேண்டும்.

ஃபெல்டர் மட்டும் போதும் என்றேன்.

எங்கள் காலத்தில் சீனியர்கள் கையில் திணித்தது மெக்கேப்தான். 1956இல் முதலில் வந்த புத்தகம். பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர், டிஸ்டிலேஷன், உலர்த்தல் எல்லாவற்றுக்கும் இன்றும் அதைத்தான் புரட்டுகிறோம். ஆனால் உள்ளே போகிற தண்ணீர் எவ்வளவு, வெளியே வருகிறது எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரியாதவன் அதில் இவாப்பரேட்டர் (கரைசலைக் காய்ச்சித் தண்ணீரை ஆவியாக்கும் பாத்திரம்) பாடத்தைத் திறந்தால், நான் முழித்த மாதிரிதான் முழிப்பான். அந்தக் கணக்கைச் சொல்லித் தருவது ஃபெல்டர். முதல் பதிப்பு 1978.

அந்தப் புத்தகத்தின் பழக்கம் ஒன்றுதான்: எந்தக் கணக்காக இருந்தாலும் முதலில் ஒரு பெட்டி வரை. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் அம்பு போடு. தெரிந்ததை எழுது, தெரியாததற்கு எழுத்துப் போடு. அப்புறம் தெரியாதது எத்தனை, சமன்பாடு எத்தனை என்று எண்ணு. இந்த எண்ணும் வேலைக்கு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்று பெயர். இதை விட்டுவிட்டுக் கணக்கில் இறங்குகிற பையன்கள் மூன்றாவது பக்கத்தில் 0 = 0 என்று வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் குறுவையில் அது வீட்டுக்கே உதவியது. அறுப்பு நேரத்தில் மழை. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரைதான் எடுப்பார்கள். அத்தான் கொண்டுபோன நெல்லுக்கு மீட்டர் 22 காட்டியது. திரும்பக் களத்தில் கொட்டிக் காயவைத்தார். "அஞ்சு சதவீதம்தானே, 40 கிலோ சிப்பத்துக்கு ரெண்டு கிலோ குறையும்" என்பது அவர் கணக்கு. காய்ந்ததும் எடை போட்டால் அதற்கு மேல் குறைந்திருந்தது. ராத்திரி காவல் இருந்த ஆள்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அக்கா மகள் ஒரு தாளில் பெட்டி வரைந்து நடுவில் 'களம்' என்று எழுதினாள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். நெல்லின் உலர்ந்த பங்கு எங்கேயும் போகாது. 40 கிலோவில் 78 சதவீதம், அதாவது 31.2 கிலோ. காய்ந்த பிறகு அதே 31.2 கிலோதான் 83 சதவீதம். வகுத்தால் மொத்தம் 37.59. ஆக, சிப்பத்துக்கு 2.41 கிலோ போகத்தான் செய்யும். 60 சிப்பத்துக்கு அத்தான் கணக்கை விட 25 கிலோ போல வித்தியாசம். அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதே சங்கதி புத்தகத்தில் ஸ்ட்ராபெர்ரி ஜாமாக வரும். 85 சதவீதம் தண்ணீர் உள்ள பழம் 45 பங்கு, சர்க்கரை 55 பங்கு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிஞ்சும்வரை காய்ச்ச வேண்டும். ஒரு பவுண்டு ஜாமுக்குப் பழம் எவ்வளவு? அரை பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. ஸ்ட்ராபெர்ரியைப் படத்தில் மட்டும் பார்த்தவளுக்கு நான் கரும்பாக மாற்றிக் கொடுத்தேன்: 15 பிரிக்ஸ் (எடையில் 15 சதவீதம் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள்) சாறு 60 பிரிக்ஸ் சிரப் ஆக 100 கிலோவில் 75 கிலோ தண்ணீரை விரட்ட வேண்டும். எங்கள் ஆலையில் நாலு பாத்திர இவாப்பரேட்டர் ராப்பகலாக ஓடியது அந்த 75 கிலோவுக்காகத்தான்.

குறை இல்லாமல் இல்லை. எடைக்குக் கிலோவும் பவுண்டும், வெப்பத்துக்கு ஜூலும் பி.டி.யு.வும் கலந்து வந்து பிள்ளைகளின் உயிரை வாங்கும். புத்தகமும் செங்கல் கனம். அந்த விஷயத்தில் பட்–வோரா பரவாயில்லை: நம் நாட்டு ஆலைக் கணக்குகள், விலையும் குறைவு. பரீட்சைக்கு முந்தின மாதம் கணக்குப் போட்டுப் பழக அதை எடுத்துக்கொள்ளலாம். விளக்கத்துக்கு அதை நம்பாதீர்கள். ஹிம்மெல்ப்ளாவ் 1962இலிருந்து இருக்கிற நல்ல புத்தகம்தான். நூலகத்தில் இருந்தால் போதும், ஃபெல்டர் கையில் இருக்கும்போது காசு போட வேண்டாம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பிரதி தருவித்தோம். ஜெராக்ஸ் போட்டு பைண்ட் பண்ணிய சரக்கு. கடைசியில் உள்ள ஸ்டீம் டேபிள், அதாவது தண்ணீர், நீராவியின் வெப்ப அளவுகள் உள்ள அட்டவணைதான் இந்தப் புத்தகத்தின் பாதி உயிர். அதில் 2257 என்பது 2237 மாதிரி தெரிந்தது. ஒரு கிலோ கொதிநீர் ஆவியாக எத்தனை கிலோஜூல் வேண்டும் என்கிற உள்ளுறை வெப்பத்தையே தப்பாக எடுத்தால் அப்புறம் எந்த விடை சரியாக வரும்? திருப்பி அனுப்பிவிட்டோம். பழைய புத்தகம் வாங்கினாலும் முதலில் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், கிழித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

கடைசியில் திருச்சியில் 400 ரூபாய்க்கு மூன்றாம் பதிப்பு கிடைத்தது. முன்னால் வைத்திருந்தவர் ஓரத்தில் பென்சிலால் விடை எழுதி வைத்திருக்கிறார், பாதி தப்பு. இவள் அதை அழிக்காமல் பக்கத்திலேயே சிவப்பு மையில் திருத்திக்கொண்டு ஆறாவது அத்தியாயம் வரை வந்துவிட்டாள்.