தடையா, டெபாசிட்டா? மஞ்சப்பையும் பத்து ரூபா பாட்டிலும்

குப்பைய குறைக்க பொருளுக்கே தடை போடுறது நல்லதா, இல்ல டெபாசிட் வாங்கிட்டு காலிய குடுத்தா திருப்பித் தர்றது நல்லதா? தமிழ்நாட்டுல ரெண்டையும் பாத்தாச்சு. 2019 ஜனவரி 1லருந்து ஒரு தடவ யூஸ் பண்ணி தூக்கிப்போடுற 14 வகை பிளாஸ்டிக்குக்கு தடை, அப்புறம் 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு ஆரம்பிச்சு, கோயம்பேட்டுல பத்து ரூபா போட்டா துணிப்பை வர்ற மெஷின்கூட வச்சாங்க. நல்ல விஷயம்தான், ஆனா கேரி பேக் இல்லாத பூக்கடை, மீன் கடை எங்க இருக்கு சொல்லுங்க? ரெய்டு அன்னிக்கு உள்ள போற கவர் மறுநாள் வெளிய வந்துரும், அபராதம் சின்ன கடைக்காரர் தலையில, தயாரிக்கிறவன் எங்கயோ ஜாலியா இருப்பான்.

இன்னொண்ணு டாஸ்மாக் பாட்டில். உடைஞ்ச கண்ணாடி காட்டு மிருகங்க கால்ல குத்துதுன்னு ஹைகோர்ட்டு வரைக்கும் போய், 2022ல நீலகிரில ஆரம்பிச்சாங்க. வாங்கும்போது பத்து ரூபா கூட, காலி பாட்டில குடுத்தா அது திரும்ப. உபதேசமே தேவையில்ல, குடிச்சவர் போட்டுட்டு போனாலும் வேற யாராச்சும் பொறுக்கி காசாக்கிருவாங்க. ஸ்டிக்கர் ஒட்டுறது, அடுக்க இடம் தேடுறதுன்னு கடை ஊழியர்களுக்குத்தான் தலவலி, அவங்க எதிர்ப்பு நியாயம்தான்.

என் ஓட்டு டெபாசிட்டுக்கு. மெல்லிசு கவருக்கு மட்டும் இது செட்டாகாது, அத யார் எண்ணி வாங்குறது, அங்க தடைதான், அதுவும் ஃபேக்டரிலயே புடிக்கணும். கூல்டிரிங்ஸ் கம்பெனிங்க டெபாசிட் முறைய தாங்களே ஆரம்பிக்கலாமே, முன்னாடி கண்ணாடி பாட்டிலுக்கு டெபாசிட் வாங்குனவங்கதானே?