நெபோஷ், ஐயோஷ், ஓஷா 30: எதைப் படிப்பது?

"சேஃப்டி பக்கம் போகலாம்னு இருக்கேன். நெபோஷா, ஐயோஷா, ஓஷாவா?" மாதம் ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார். கேட்கும்போதே ஏதோ ஒரு பயிற்சி மையத்தில் முன்பணம் கட்டியிருப்பார் என்பது வேறு விஷயம். மூன்றுமே பணியிடப் பாதுகாப்பு பற்றிய படிப்புகள்தான். ஆனால் மூன்றையும் ஒரே தராசில் ஏற்றுவதில்தான் குழப்பமே. நெபோஷ் ஐஜிசி, அதாவது சர்வதேசப் பொதுச் சான்றிதழ், முறையான தேர்வு. ஐயோஷின் மேனேஜிங் சேஃப்லி மேலாளர்களுக்கான குறும்பயிற்சி. ஓஷா 30 ஆபத்துகளை அடையாளம் காணச் சொல்லித்தரும் வகுப்பு, அவ்வளவுதான்.

ஓஷாவை முதலில் முடித்துவிடுவோம். ஓஷா என்பது பணியிடப் பாதுகாப்புக்காக அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கீழ் 1971 முதல் இயங்கும் அமைப்பு. அதன் அவுட்ரீச் என்ற பயிற்சித் திட்டத்தில் தொழிலாளிக்கு 10 மணி நேரம், மேற்பார்வையாளருக்கு 30 மணி நேரம். கட்டுமானப் பிரிவில் உயரத்திலிருந்து விழுவது, பொருள் வந்து மோதுவது, இடையில் சிக்குவது, மின்சாரம் தாக்குவது என்ற நான்கையும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கட்டுமானத் தளத்தில் நிற்பவருக்கு அது உபயோகம்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரத்துக்கு மேல் வகுப்பு எடுக்கக் கூடாது என்பது விதி. ஆகவே "இரண்டே நாளில் ஓஷா 30" என்று யாராவது விளம்பரம் செய்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் நடத்தினால்தான் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் அட்டை கிடைக்கும். அமெரிக்க எல்லைக்கு வெளியே நடத்த அவருக்குத் தனி அனுமதியும் வேண்டும். இது தெரியாமல் நானும் ஒரு வகுப்பில் உட்கார்ந்தேன். கடைசி நாள் கையில் கொடுத்தது அந்த மையமே அச்சடித்த சான்றிதழ். பார்க்க அழகாக இருந்தது. அசல் அட்டையே கிடைத்தாலும், அது தகுதிச் சான்றிதழ் அல்ல என்று ஓஷாவே சொல்கிறது.

ஐயோஷ் வேறு வகை. 1945இல் பிரிட்டனில் தொடங்கிய, பாதுகாப்புத் துறையினரின் தொழில்முறை அமைப்பு அது. மேனேஜிங் சேஃப்லி மூன்று நான்கு நாள் பாடம். முடிவில் ஒரு கேள்வித்தாள், ஒரு இடர் மதிப்பீடு (என்ன ஆபத்து, எவ்வளவு, எப்படித் தடுப்பது என்று எழுதுவது). உற்பத்தி மேலாளர், கிடங்குப் பொறுப்பாளர், ஷிஃப்ட் சூப்பர்வைசர் என்று கீழே ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்காக வடிவமைத்தது. அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன். சேஃப்டி ஆபீஸர் வேலைக்கு இதை மட்டும் காட்டினால் எடுபடாது. அது பாடத்தின் குறை இல்லை. அதன் நோக்கமே வேறு.

நெபோஷில்தான் பேச நிறைய இருக்கிறது. 1979இல் தொடங்கிய இந்த அமைப்பு ஒரு தேர்வு வாரியம். பாடம் நடத்துவது பயிற்சி மையங்கள். வினாத்தாளும் மதிப்பெண்ணும் நெபோஷ் கையில். ஐஜிசியில் இரண்டு அலகுகள். ஐஜி1 எழுத்துத் தேர்வு, ஐஜி2 உங்கள் பணியிடத்திலேயே செய்யும் இடர் மதிப்பீடு. ஒன்றைத் தேறிய ஐந்து ஆண்டுக்குள் மற்றதையும் முடிக்க வேண்டும்.

ஐஜி1, 2020இல் புத்தகம் பார்த்தே எழுதும் தேர்வாக மாறியது. நான் எழுதியபோது வீட்டிலிருந்தே எழுதலாம், 24 மணி நேரம் அவகாசம், 45 எடுத்தால் பாஸ். கேட்டதும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும். எனக்கும் வந்தது, 38 மதிப்பெண் வரும்வரை. நோட்ஸில் இருந்ததை அழகாக அடுக்கி எழுதியிருந்தேன், அதுதான் தப்பு. வினாத்தாளில் ஒரு பணியிடத்தின் கதை வரும். கேள்வி எல்லாம் அந்தக் கதையைப் பற்றித்தான். கதையில் ஒரு கிடங்கு இருக்கிறது என்று வையுங்கள். அங்கே பாதுகாப்புக் கலாச்சாரம் சரியில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், "நிர்வாகத்தின் ஈடுபாடு குறைவு" என்பது புத்தக விடை. "மூன்று கூட்டங்களுக்கு மேலாளர் வரவில்லை, அனுப்பிய ஆளுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, அதனால் ரேக் வளைந்திருக்கிறது என்ற புகார் இன்னும் அப்படியே கிடக்கிறது" என்று எழுதினால்தான் மார்க். இரண்டாம் முறை கதையை நான்கு தடவை படித்துவிட்டுத்தான் டைப் செய்யவே ஆரம்பித்தேன். எழுதி அனுப்பியபின் இணையவழியில் ஒரு சின்ன நேர்காணல் இருந்தது. நீங்களே எழுதினீர்களா என்று பார்க்கத்தான். காசு கொடுத்து ஆள் வைத்து எழுதியவர்கள் இங்கேதான் மாட்டினார்கள்.

ஐஜி2வில் குறைந்தது ஐந்து வகைகளிலிருந்து பத்து ஆபத்துகளைக் காட்ட வேண்டும். மதிப்பெண் கிடையாது, பாஸ், இல்லையென்றால் ரெஃபர், அதாவது தேறவில்லை. இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்றுதான்: "ஹெல்மெட் போடவில்லை" என்பதை ஆபத்து என்று எழுதிவிடுவார்கள். ஹெல்மெட் இல்லாதது ஆபத்து அல்ல, கட்டுப்பாடு இல்லாத நிலை. மேல் தட்டில் கட்டாமல் அடுக்கிய பெட்டிகள்தான் ஆபத்து. யார் மேல் விழும், எப்படி விழும், இப்போது என்ன தடுப்பு இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும், எந்தப் பதவியில் இருப்பவர் எந்தத் தேதிக்குள் செய்வார் என்று அந்த வரி நீண்டுகொண்டே போக வேண்டும்.

ஐயோஷின் இடர் மதிப்பீட்டையும் இதையும் அடுத்தடுத்துச் செய்தவன் என்பதால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஐயோஷ் எண் கேட்கும்: நிகழும் வாய்ப்பு எவ்வளவு, விளைவு எவ்வளவு, பெருக்கு. வேகமாக முடியும், மேலாளருக்கு அது போதும். நெபோஷ் எண்ணைக் கேட்பதில்லை. பத்திலிருந்து மூன்று நடவடிக்கைகளைப் பொறுக்கி, ஏன் இவை முதலில் என்று அறம், சட்டம், பணம் மூன்று பக்கத்திலிருந்தும் வாதாடச் சொல்கிறது. 4 × 5 = 20 என்று போட்டுத் தப்பிக்க முடியாது. எரிச்சலாக இருந்தாலும், பின்னாளில் பட்ஜெட் கேட்டு நிர்வாகத்தின் முன் நிற்கும்போது கைகொடுத்தது அந்தப் பயிற்சிதான்.

என் கணக்கு இதுதான். சேஃப்டியே பிழைப்பு என்று முடிவாகிவிட்டால் நேராக நெபோஷ். ஐயோஷை முதல் படியாக வைத்துப் பணத்தை இரட்டிப்பாகச் செலவழிக்கத் தேவையில்லை. வேறு வேலையில் இருந்துகொண்டு பொறுப்பு கூடியிருந்தால் ஐயோஷ். அமெரிக்க ஒப்பந்ததாரர் தளத்தில் கேட்டால் மட்டும் ஓஷா, அதுவும் அட்டை நிச்சயம் என்றால். ஒன்றை மறக்க வேண்டாம்: சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாப்பு அதிகாரிக்குப் பல நாடுகள் தங்கள் சொந்தத் தகுதியை விதிக்கின்றன. அங்கே நெபோஷ் இருந்தாலும் அந்த நாட்டு டிப்ளமோ இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது. வேலை பார்க்கப்போகும் நாட்டின் விதியைப் படித்துவிட்டு மையத்துக்குப் போங்கள்.

இன்னும் முன்பணம் கட்டாதவருக்கு நான் ஒரு வேலை கொடுப்பேன். நாளை உங்கள் பணியிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஐந்து வகைகளில் பத்து ஆபத்துகளை எழுதி வாருங்கள், "போடவில்லை", "இல்லை" என்ற சொற்கள் வராமல். போன மாதம் கேட்டவர் ஆறோடு நின்றார். அதில் இரண்டு ஹெல்மெட்.