டிச் பட்டன் பிளையர் கிட்: இரட்டைக் குழந்தைகளுக்கு ஜபலா தைப்பவர்கள் வாங்கலாமா?

ஜபலாவுக்கு வாங்கலாம். துணி நாப்பிக்கு இந்தக் கைப் பிளையரை நம்பி இறங்க வேண்டாம். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்துக்குப் பிறகு வாங்குவதென்றால், அழுத்திக் கொடுக்க வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

நாம் பேசுவது பிளாஸ்டிக் டிச் பட்டன் கிட். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் பல பெயர்களில் வருகிறது, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரே சாமான். ஒரு பிளையர், டி-3, டி-5, டி-8 என்று மூன்று அளவுக்கு அச்சுகள், குத்தூசி, சின்ன ஸ்க்ரூடிரைவர், கலர் கலராகப் பட்டன்கள். டி-3 பட்டன் சுமார் 10½ மி.மீ. அகலம், டி-5 சுமார் 12, டி-8 சுமார் 14. பச்சிளம் குழந்தைத் துணிக்கு டி-3 அழகாக இருக்கும், ஆனால் எல்லாக் கிட்டிலும் டி-5 பட்டன்தான் அதிகம் போடுகிறார்கள். அதுவே போதும். டி-8ஐப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.

ஒரு பட்டனுக்கு நான்கு துண்டு: முள் வைத்த தொப்பி இரண்டு, குமிழ் ஒன்று, குழி ஒன்று. துணியில் குத்தூசியால் துளை போட்டு, தொப்பியின் முள்ளை அதில் நுழைத்து, மறுபக்கம் குமிழையோ குழியையோ மாட்டி, பிளையரால் ஒரே அழுத்து. முள் நசுங்கி உள்ளே பரவிப் பிடித்துக்கொள்ளும். சரியாக விழுந்த பட்டனை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால், முள் நடுவில் தட்டையாக, வட்டமாக, காளான் குடை மாதிரி உட்கார்ந்திருக்கும். அடிபட்ட ஆணி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது நிற்காது. நான்காவது சலவையில் கையோடு வரும்.

சாய்வதற்குப் பெரும்பாலும் துணிதான் காரணம், பிளையர் அல்ல. முள்ளின் நீளம் இரண்டு மூன்று மடிப்புத் துணிக்குக் கணக்குப் பண்ணியது. மெல்லிய மல்மல் துணி ஒற்றையாக இருந்தால் முள் வெளியே அதிகம் நீட்டிக்கொண்டு நிற்கும், அழுத்தும்போது நேராக நசுங்காமல் மடங்கும். நம் வீடுகளில் பிரசவத்துக்கு முன் குழந்தைக்குப் புதுத்துணி எடுக்கக் கூடாது என்பார்கள், பழைய வேட்டியைத்தான் கிழிப்போம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன அந்தத் துணி குழந்தைக்கு அருமை, பட்டனுக்கு ஆகாது. நூல் நைந்திருப்பதால் துளை பெரிதாகி, பட்டன் துணியோடு பிய்ந்து வரும். தீர்வு சுலபம்: பட்டன் வரும் இடத்தில் 2 செ.மீ. சதுரமாகப் பாப்ளின் துண்டு ஒன்றை இரண்டு மடிப்புக்கும் நடுவில் வைத்துத் தைத்துவிட்டு, அதன் மேல் துளை போடுங்கள். கத்தரியால் துளை வெட்டவே கூடாது. குத்தூசி நூலை விலக்கும், கத்தரி நூலை அறுக்கும்.

பனியன் துணிக்கு இந்த ஒற்றை முள் பட்டன் பொருந்தாது. துளையிலிருந்து பின்னல் கண் விட்டு ஓடும். திருப்பூர் ஏற்றுமதிக் குழந்தை ஆடைகளில் இருப்பது வளையத்தைச் சுற்றிப் பல பற்கள் வைத்த உலோகப் பட்டன், அது வேறு வகை, வேறு மெஷின். பனியன்தான் வேண்டும் என்றால் பின்னால் ஒட்டுக் கேன்வாஸ் வைத்து அயர்ன் பண்ணிவிட்டுப் போடலாம், ஆனால் அந்த இடம் அட்டை மாதிரி விறைப்பாக நிற்கும்.

நாடா இருக்க, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். ஒரு குழந்தைக்கு என்றால் நாடாவே போதும் என்று நாமும் சொல்லியிருப்போம் (கழுத்தோரம் மட்டும் நீள நாடா கூடாது. ஐரோப்பிய ஆடைத் தரமான ஈஎன் 14682, ஏழு வயதுக்கு உட்பட்டவர்களின் உடையில் கழுத்துப் பகுதியில் கயிறு, நாடாவை அனுமதிப்பதில்லை). இரட்டைக்குக் கணக்கு வேறு. இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியும் முன்பே பிறக்கின்றன. இரண்டரை கிலோவுக்குக் கீழே இருப்பது சகஜம், இரண்டும் ஒரே எடையில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கடை ‘நியூபார்ன்’ சைஸ் தொளதொளவென்று தொங்கும். ஒரே அளவில் தைத்தால் ஒன்றுக்குச் சரியாக இருப்பது இன்னொன்றுக்குப் பெரிதாகிவிடும்.

பட்டன் இங்கேதான் கை கொடுக்கிறது. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று மடியும் ஜபலாவாக வெட்டுங்கள். மேல் மடிப்பில் தொப்பி வெளியே, குமிழ் உள்ளே. கீழ் மடிப்பில் தொப்பி தோல் பக்கம், குழி வெளிப்பக்கம். தோலில் படுவது வழுவழுப்பான தொப்பி மட்டும்தான், அதுவும் உறுத்தாமல் இருக்க ஒரு விரல் அகலத் துணிப் பட்டி அடியில் நீண்டு இருக்கட்டும். குழியை மட்டும் 3 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு வரிசையாகப் போடுங்கள். சின்னக் குழந்தைக்கு ஓரத்திலிருந்து தள்ளி இருக்கும் உள் வரிசை, பெரியதற்கு வெளி வரிசை. மார்புச் சுற்றில் 3 செ.மீ. கூடும், குறையும். முன்பக்கம் முழுதும் திறப்பதால் என்ஐசியூவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) ஒயர் மாட்டியிருந்தாலும், கங்காரு முறையில் அம்மா நெஞ்சில் போட்டாலும், தலை வழியாகக் கழற்ற வேண்டியதில்லை. தொப்புளுக்கு நேராகப் பட்டன் வைக்காதீர்கள்: மார்பில் ஒன்று, அடிவயிற்றின் பக்கவாட்டில் ஒன்று.

கலரும் உபயோகம்தான். ஒரே வேட்டியில் வெட்டிய ஜபலாக்களில் ஒருவருக்குப் பச்சைத் தொப்பி, மற்றவருக்கு மஞ்சள் என்று வைத்தால், தூக்கக் கலக்கத்தில் ‘இவனுக்குச் சொட்டு மருந்து கொடுத்தாச்சா’ என்ற குழப்பம் குறையும். ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டைதான் கணக்கு, பட்டன் கலர் வீட்டுக்கு.

இப்போது குறை. மேலே சொன்ன ஜபலா ஒன்றுக்கு இரண்டு குமிழ், நான்கு குழி, ஆக ஆறு அழுத்து. ஒரு குழந்தைக்குப் பன்னிரண்டு ஜபலா என்றால் மொத்தம் 24, அழுத்து 144. சாதாரணக் கைக்கே இது வலிக்கும் எண்ணிக்கை. கர்ப்பத்தில் உடம்பில் நீர் கோத்து மணிக்கட்டு நரம்பு அழுந்துவது கடைசி மூன்று மாதங்களில் அடிக்கடி வரும் தொல்லை. பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகும், ராத்திரியில் கூடும். இந்தப் பிளையரின் கைப்பிடி அகலமாக விரிவதால் முழு உள்ளங்கையையும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அந்த நரம்புக்கு இதைவிட மோசமான வேலை இல்லை. ஒரே உட்காரலில் பத்து அழுத்துக்கு மேல் வேண்டாம். பிளையரின் கீழ்ப்பிடியை மேசைமேல் கிடத்தி, மேல்பிடியை உள்ளங்கையின் அடியால், உடம்பு எடையைக் கொடுத்து அமுக்கினால் விரலுக்குப் பாரம் குறையும். அதைவிட, வெட்டித் தைத்துத் துளையிடும் வரை நீங்கள் செய்துவிட்டு, அழுத்துவதை வீட்டுக்காரரிடம் தள்ளுங்கள். பத்து நிமிடத்தில் பழகிவிடும் வேலை. கை, முகம் திடீரென்று வீங்கி, கூடவே தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது தையலால் வந்ததல்ல, அன்றைக்கே போய் பிபி பாருங்கள்.

நாப்பிக்கு ஏன் வேண்டாம் என்றோம்? அளவு மாற்றும் நாப்பி ஒன்றிலேயே முப்பதுக்கு மேல் அழுத்து வரும், துணியும் தடிமன். அதற்கு மேசைமேல் வைத்து நெம்புகோலை இறக்கும் பிரஸ் இருக்கிறது. விலை இதைவிடச் சில மடங்கு. டெய்லரிங் சாமான் கடைகளில் பட்டன் அடித்துக் கொடுப்பவர்கள் இருந்தால் மொத்தமாகக் கொடுத்துவிடுவது லாபம்.

கிட் வந்தவுடன் இரண்டு சோதனை செய்யுங்கள். நான்கு மடிப்புப் பழந்துணியில் ஐந்து பட்டன் அடித்துப் பாருங்கள். ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்தால் அச்சு நேராக உட்காரவில்லை: ஸ்க்ரூவைத் தளர்த்தித் திருப்பி மாட்டுங்கள், அப்படியும் சாய்ந்தால் திருப்பி அனுப்புங்கள். அடுத்து, தொப்பியைச் சாதாரணக் கட்டிங் பிளையரால் பிடித்து வலுவாக இழுங்கள். ஐரோப்பியப் பொம்மைத் தரமான ஈஎன் 71 சிறு பாகங்களுக்கு வைக்கும் இழுவை 90 நியூட்டன், அதாவது சுமார் 9 கிலோ தொங்குவதற்குச் சமம். கையால் இழுத்தே கழன்றால் அந்த லாட்டைக் குழந்தைத் துணியில் போடாதீர்கள், வாயில் போனால் தொண்டையில் அடைக்கும் அளவுதான் அது.

தப்பாக விழுந்த பட்டனைக் கழற்ற, குழியின் விளிம்பைக் கட்டிங் பிளையரால் இரண்டு பக்கமும் நறுக்கினால் உடைந்து வரும், துணியை இழுக்காதீர்கள். வெந்நீரில் துவைக்கலாம். அயர்ன் பாக்ஸ் மட்டும் நேராகப் படக் கூடாது: இந்தப் பிளாஸ்டிக் சுமார் 170 டிகிரியில் உருகும், காட்டன் சூடு அதற்கும் மேலே. பட்டனைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும்.